புற்றுக்குள் தலை விட்ட கரடி

கள்ளக்குறிச்சி
12.7.1988

தங்கை அத்தியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பஸ் மேலே போட்டு அனுப்பிய இரண்டு மூட்டையும் வந்ததா, வழியிலேயே உருண்டு பள்ளத்தில் விழுந்ததா என்று ஒரு வரி எழுத உனக்கு நேரமில்லை. ஒன்றில் சைக்கிள் டியூப். இனிமேல் ஒட்டுப் போட இடமே இல்லை என்று நானே கைவிட்டவை, பக்கத்துப் பஞ்சர் கடைகளில் கேட்டு வாங்கியவை எல்லாம் சேர்த்துக் கட்டினேன். இன்னொன்றில் நீ கேட்ட சாக்கு. பிள்ளைகள் தொடுகிற பொருள், உரச் சாக்கு கூடாது, பூச்சிமருந்து வந்த சாக்கு கூடாது, அரிசிச் சாக்காக இருந்தால் நல்லது என்று கலெக்டர் உத்தரவு மாதிரி எழுதியிருந்தாய். அரிசிச் சாக்குதான். அலசிக் காயவைத்து அனுப்பியிருக்கிறேன், போதுமா?

போன வருஷம் பந்து பிளாடரில் தவளையின் இதயம் செய்தாய். காலி நூல்கட்டைகளைக் கோத்து முதுகெலும்பு செய்தாய். நான் ஒரு வார்த்தை சொன்னேனா? இப்போது முழுக் கரடி என்கிறாய். உயிருள்ளதன் உருவம் செய்வது நம் மார்க்கத்தில் ஆகாதே, எனக்கு மனசு ஒப்பவில்லை. நம் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டேன். உடம்பில் ஒரு பாகம் என்றால் பரவாயில்லை, பாடம் நடத்தத்தானே. தலையும் முகமுமாக முழு உருவம் வேண்டாமே என்றார். அதனால் தலை வைக்காதே. தலையில்லாமல் கரடி எப்படி என்று என்னைக் கேட்காதே. உயிரியல் படித்தவள் நீ.

பக்ரீத்துக்கு வருகிறாயா இல்லையா? அந்த மலையில் இருக்கும் பாம்பையும் கொண்டை ஊசி வளைவையும் நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஊரில் எத்தனையோ பள்ளிக்கூடம் இருக்க, கரியாலூர்தானா கிடைத்தது என்று அம்மா தினமும் என்னைத்தான் கேட்கிறார்கள், வேலை வாங்கிக் கொடுத்தது நான் என்பது போல.

உன் அண்ணன்,
அக்பர் அலி

கரியாலூர்
29.7.1988

அன்புள்ள அண்ணனுக்கு,

பக்ரீத்துக்கு வராததற்கு முதலில் திட்டி முடித்துவிடுங்கள், பிறகு மேலே படிக்கலாம். கள்ளக்குறிச்சியில் அறிவியல் கண்காட்சி இருபத்தெட்டாம் தேதி. கரடி அரைகுறையாக நின்றது. நேற்று உங்கள் கடையைத் தாண்டித்தான் லாரியில் போனோம். இறங்கி வந்து பார்க்க நேரம் தரவில்லை. முதல் பரிசு நமக்கு. அக்டோபரில் கடலூருக்குக் கொண்டுபோக வேண்டும், மாவட்டக் கண்காட்சிக்கு.

உங்கள் கட்டளைப்படி தலை வைக்கவில்லை. இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். மூன்றாம் நாள் யோசனை வந்தது. கரடி கரையான் தின்னும்போது என்ன செய்யும்? புற்றைக் கிளறி முகத்தை உள்ளே விட்டு உறிஞ்சும். அப்படியே செய்துவிட்டேன். மூங்கிலில் கூடு, உள்ளே சாக்குத் திணிப்பு, மேலே டியூபை விரல் அகலத்துக்கு வெட்டிக் கோணி ஊசியால் வரிசை வரிசையாகத் தைத்த மயிர். நகத்துக்குக் குடைக் கம்பி. உள்ளங்காலுக்குத் தேய்ந்த ஹவாய் செருப்பு. முன்னால் களிமண்ணில் ஒரு புற்று. தலை புற்றுக்குள் போய்விட்டது. முதுகும் பின்பக்கமும்தான் வெளியே. ஹஜ்ரத்துக்கும் குறையில்லை, கரடிக்கும் குறையில்லை. காற்றடித்தால் மயிர் அசைகிறது. தலைமையாசிரியர் முதல் நாள் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

பள்ளி விடுதிப் பின்பக்கம், பிள்ளைகள் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வேலியோரம் வைத்துத்தான் தைத்தேன்; திரும்பி வந்ததும் அங்கேயே நிற்கிறது. கீரைப் பாத்தியை மேய வந்துகொண்டிருந்த காட்டுப்பன்றிகள் அந்தப் பக்கமே வருவதில்லை.

உங்களைப் போலவே பயந்த ஒரு ஆள் இங்கே இருக்கிறாள். ஒன்றாம் வகுப்பு அம்சவள்ளி. உள்காட்டு ஊரிலிருந்து வந்தவள். வந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் பயம்; இரவெல்லாம் அழுகை, பாய் நனைந்துவிடும். தைக்க ஆரம்பித்த நாளிலிருந்தே அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கரடியைத் தொட வைத்தேன். முதல் நாள் ஒரு விரல். அடுத்த நாள் உள்ளங்கை. இப்போது காலையில் தன் பாவாடையைத் தானே துவைத்துக் கரடி முதுகில்தான் காயப்போடுகிறாள். சுருக்கம் விழாமல் தடவிவிடச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பாய் நனைவதும் நின்றது. சமையல் செய்யும் கொளஞ்சியம்மாள், “டீச்சர், கோயில் குளம்னு அலைஞ்சிகினு இருந்தா கூட இது ஆவாது. உங்க கரடி செஞ்சிட்டுது பாருங்க” என்கிறாள். பரிசு வாங்கியதைவிட எனக்கு அதுதான் சந்தோஷம்.

அம்மாவுக்கு என் சலாம்.

அத்தியா

கள்ளக்குறிச்சி
11.8.1988

அத்தியாவுக்கு,

பச்சமுத்து என்று ஒருவர் கடைக்கு வந்தார். மரவள்ளிக் காட்டைப் பன்றி தின்கிறதாம். டீச்சர் இரண்டு கரடி செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறதாம், டியூப் வேண்டுமாம். “டீச்சரோட அண்ணனாங்க நீங்க? உங்க தங்கச்சி இன்னா தைரியம்ங்க!” என்றார். எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

டியூப் கொடுத்தேன். சாக்குக்குச் சுப்புராயன் வெல்ல மண்டியில் சொல்லிக் கிழிசல்களை வாங்கிக் கொடுத்தேன். காட்டில் நிற்கப்போவதுதானே, யார் தொடப்போகிறார்கள் என்று அலசவில்லை.

நீ அந்தக் குழந்தையின் பயத்தைப் போக்கியதாகப் பெருமையாக எழுதியிருக்கிறாய். பயம் அல்லாஹ் கொடுத்தது, ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் கொடுத்திருப்பான். நான் பயந்து பயந்துதான் உன்னை வளர்த்தேன். நீ கை கால் முறியாமல் பி.எட். வரைக்கும் வந்தாய் அல்லவா?

அக்பர் அலி

கரியாலூர்
2.9.1988

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை அம்மாவிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்.

பச்சமுத்து காட்டில் இரண்டு கரடி வைத்து ஒரு வாரம் ஆகிறது. மேற்கு வரப்பில் ஒன்று, ஓடைப் பக்கம் ஒன்று. இரண்டும் அதே மாதிரிதான், தலை புற்றுக்குள். போன திங்கட்கிழமை பொழுது சாயும் நேரத்தில் நானும் கொளஞ்சியம்மாளும் கடைக்குப் போய்விட்டு அந்த வழியாக வந்தோம். ஓடைப் பக்கம் இரண்டு கரடி நின்றது.

பச்சமுத்து என்னைக் கேட்காமலே தானே ஒன்று தைத்துவிட்டார் என்று எனக்குக் கோபம். தையல் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று வரப்பில் இறங்கினேன். கொளஞ்சியம்மாள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். “டீச்சர், காத்தே இல்ல. அது மயிரு ஆடுது பாருங்க” என்றாள். நின்று கேட்டேன். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை அழுத்தி அழுத்தி விடுவது போல ஒரு சத்தம், விட்டு விட்டு வந்தது. நாங்கள் ஓடவில்லை, அண்ணே. ஓட முடியவில்லை. பின்பக்கமாகவே நடந்து ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். சர்க்கரைப் பொட்டலத்தை எங்கே போட்டேன் என்று இன்று வரை தெரியாது.

மறுநாள் காலையில் பச்சமுத்துவிடம் கேட்டேன். “நான் இன்னாத்துக்கு டீச்சர் மூணாவது செய்யறேன்? ரெண்டு தான் கீது, வந்து எண்ணிக்கோங்க” என்றார். எண்ணினோம். இரண்டுதான் இருந்தது.

கரடியை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் ஒப்பவில்லை. பன்றி வந்தால் ஒரு ராத்திரியில் காடு காலி என்கிறார். அது மட்டுமில்லை, எடுக்கவும் யாரும் வரமாட்டேன் என்கிறார்கள். எது ரப்பர், எது நிஜம் என்று கிட்டே போய்த்தானே பார்க்க வேண்டும்?

தலைமையாசிரியர் சிரித்தார். நீ செய்த பொம்மைக்கு நீயே பயப்படலாமா என்றார். விடுதிப் பிள்ளைகளிடம் கரடிப் பக்கம் போகாதீர்கள் என்றேன், அவர்களும் சிரிக்கிறார்கள். கடிக்காது, தொட்டுப் பார் என்று ஒன்றரை மாதமாகச் சொன்னது நான்தான். இப்போது கடிக்கும் என்றால் எந்தக் குழந்தை நம்பும்? அம்சவள்ளி, “அது நம்ம கரடி டீச்சர், ஒண்ணும் பண்ணாது” என்று எனக்கே தைரியம் சொல்கிறாள். அவள் அப்படிச் சொல்லும்போதெல்லாம் நான் வேலிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறேன்.

அத்தியா

கள்ளக்குறிச்சி
6.9.1988

அத்தியாவுக்கு,

உடனே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வா. வேறு எதுவும் எழுத எனக்குக் கை வரவில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடையில் என்ன நஷ்டம் என்று கேட்கிறார்கள். நானே வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் உன் ஊர் வழியாகப் போகும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினால் மூன்றாவது வளைவிலேயே எனக்கு வாந்தி, அது உனக்குத் தெரியும். அதை ஒரு காரணமாகச் சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படி வருவது என்று எழுதாதே. முதலில் வா.

அக்பர் அலி

கரியாலூர்
14.9.1988

அன்புள்ள அண்ணனுக்கு,

கொஞ்சம் மூச்சு விடலாம். காரணம் தெரிந்துவிட்டது. நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பதும் தெரிந்துவிட்டது.

எட்டாம் தேதி காலையில் பச்சமுத்து ஓடி வந்தார். ஓடைப் பக்கத்துக் கரடி வயிறு கிழிந்து கிடக்கிறது என்றார். ஊர் ஆட்கள் தீப்பந்தமும் தகரமுமாகப் போக, நான் அவர்கள் நடுவில் போனேன். டியூப் மயிரை வகிர்ந்து வகிர்ந்து கிழித்திருந்தது. நான் குடைக் கம்பியில் வைத்த நகம் எல்லாம் அந்த நிஜக் கரடியின் நகக் கீறலுக்குப் பக்கத்தில் விளையாட்டுச் சாமான். உள்ளே சாக்கு கொத்தாக வெளியே வந்திருந்தது. அதில் எறும்பு. கையளவு கூட இடம் இல்லாமல் எறும்பு. கிட்டே போனபோது வெல்லம் வாசனை வந்தது.

சாக்கில் வெல்லம். வெல்லத்துக்கு எறும்பு. எறும்புக்குக் கரடி. ஏழாம் வகுப்பில் இந்தப் பாடத்தைப் படம் போட்டு நடத்துகிறவள் நான். கரடி தின்பது போலப் பொம்மை செய்து, கரடிக்குத் தீனியும் உள்ளே வைத்துத் தைத்து, காட்டு நடுவில் நிறுத்தியிருக்கிறேன். உங்களைச் சொல்லவில்லை. சாக்கை மோந்து பார்க்காமல் திணித்தது என் கைதான்.

இரண்டையும் அன்றே பிரித்துச் சாக்கை ஓடை மணலில் போட்டுக் கொளுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு சத்தம் இல்லை, தடம் இல்லை. பன்றி மறுபடி வர ஆரம்பித்துவிட்டது என்று பச்சமுத்துவுக்கு என் மேல் வருத்தம்.

விடுதிக் கரடியையும் பிரித்துவிடலாமா என்று நினைத்தேன். இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகு உங்கள் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அது அரிசிச் சாக்கு, அதுவும் நீங்கள் அலசி அனுப்பியது. அதனால்தான் இவ்வளவு நாளும் அந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை. நீளக் கழியால் குத்திக் குத்திப் பார்த்தேன். வெளியே ஓர் எறும்பு கூட இல்லை. பிரித்தால் மறுபடி தைக்க மூன்று வாரம் ஆகும், கடலூர் கண்காட்சி போய்விடும். உண்மையைச் சொன்னால், எனக்கு அதைக் கிழிக்க மனசும் இல்லை.

ஐந்து நாள் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. அம்சவள்ளி மறுபடி இரவில் அழ ஆரம்பித்துவிட்டாள். பாய் நனைகிறது. நேற்றிலிருந்து போகலாம் என்று சொல்லிவிட்டேன். ராத்திரி அமைதியாகத் தூங்கினாள். நான் மட்டும் இரண்டு தரம் எழுந்து போய் ஜன்னல் வழியே பார்த்தேன். உங்கள் தங்கைதானே, பயம் ரத்தத்தில் இருக்கும்.

காலாண்டு லீவுக்கு நிச்சயம் வருகிறேன்.

அத்தியா

கள்ளக்குறிச்சி
16.9.1988
மாலை

அத்தியா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. இதைப் படித்த அந்த நிமிஷமே விடுதிக் கரடியைப் பிரி. நீ கிட்டே போகாதே, ஆட்களை வைத்துப் பிரி. பிள்ளைகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்து.

அது அரிசிச் சாக்கு இல்லை. அதுவும் சுப்புராயன் மண்டிச் சாக்குதான். அன்றைக்கு அரிசி மண்டியில் கிழிசல் இல்லை என்றார்கள். நீ வேறு அவசரம் அவசரம் என்று எழுதியிருந்தாய். எந்தச் சாக்காக இருந்தால் என்ன, உள்ளே இருந்து யாருக்குத் தெரியப்போகிறது, இவள் ஒருத்தி சட்டம் பேசுகிறாள் என்று ஓர் எரிச்சல். அலசினேன் என்பது உண்மை. ஒரே ஒரு தரம், தொட்டியில் முக்கி எடுத்தேன். அதனால்தான் இவ்வளவு நாள் தாங்கியது போலிருக்கிறது. பாகு நாரில் ஊறியிருக்கும். மழை பெய்தால் வெளியே வரும். இங்கே நேற்று ராத்திரி நல்ல மழை. அங்கேயும் பெய்திருக்குமே, அத்தியா.

தந்தி கொடுக்கப் போனேன். மலைக்கு லைன் இல்லை என்கிறார்கள். காலை முதல் பஸ் கண்டக்டரிடம் இதைக் கையில் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த பஸ்ஸில் நானும் ஏறப் பார்க்கிறேன். அம்மாவுக்கு நேற்று ராத்திரியிலிருந்து மூச்சுத் திணறல், டாக்டர் வந்து பார்த்ததும் கிளம்புவேன்.

யா அல்லாஹ், அந்தக் குழந்தையைக் காப்பாற்று.

அக்பர் அலி

கரியாலூர்
17.9.1988

அண்ணே,

கண்டக்டர் உங்கள் கடிதத்தைப் பத்தரை மணிக்கு என் கையில் கொடுத்தார். அதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. திரும்புகிற பஸ்ஸில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் அடுத்த பஸ்ஸில் ஏறியிருந்தால் வழியில் கடந்து போகும், போகட்டும். பிள்ளைகளையெல்லாம் சமையல்கட்டில் வைத்துக் கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறோம். வரிசையாக எழுதினால்தான் எழுத முடியும் போலிருக்கிறது.

இங்கேயும் இரண்டு ராத்திரி மழை. காலையில் பனிமூட்டம், துவைக்கிற கல் வரைக்கும்தான் கண் தெரிந்தது. நான் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்சவள்ளி எனக்கு முன்னாலேயே எழுந்து பாவாடையைத் துவைத்துப் பிழிந்துவிட்டாள். கரடியைப் பார்த்து நடக்கிறாள். நானும் பார்த்தேன். கரடி கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நிற்கிற மாதிரி இருந்தது. மழையில் புற்று கரைந்து சாய்ந்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் அந்தப் பம்புச் சத்தம் கேட்டது.

நம் கரடி அதற்கு அந்தப் பக்கம் இருந்தது, அண்ணே. விலாவைக் கிழித்து, தலையை முழுக்க உள்ளே விட்டு, உறிஞ்சிக்கொண்டு நின்றது வேறு ஒன்று. தலை தெரியவில்லை. முதுகும் பின்பக்கமும்தான் தெரிந்தது. நான் எப்படிச் செய்து வைத்தேனோ அப்படியே.

கத்த வாயைத் திறந்தேன். திறந்து அப்படியே நின்றேன். கத்தினால் அது திரும்பும். திரும்பினால் அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாள். கத்தாவிட்டால் அவள் தொடப்போகிறாள். எது சரி என்று எனக்கு இப்போதும் தெரியாது. நான் யோசித்து நிற்கவில்லை, பயத்தில் நின்றேன். வாயில் பல்பொடி நுரையோடு, ஒரு கால் முன்னால் வைத்தபடி நின்றேன். ஓதத் தெரிந்தது எல்லாம் மறந்துவிட்டது.

அவள் பாவாடையை ஒரு உதறு உதறினாள். எட்டி அதன் முதுகில் போட்டாள். சுருக்கம் இல்லாமல் இரண்டு உள்ளங்கையாலும் தடவித் தடவி விட்டாள், நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே.

சத்தம் நின்றது. அந்த முதுகு ஒரு தரம் சிலிர்த்தது. அவள் ஓரத்தை இழுத்துச் சரி செய்தாள். மறுபடி உறிஞ்சும் சத்தம் வந்தது. அவள் வாளியை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்து வந்தாள். ஓடவில்லை. வழியில் ஒரு பூவைக் கூடக் குனிந்து பறித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவளுக்குப் பின்னால் இருந்த கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

“டீச்சர், இன்னிக்கி கரடி வெதவெதன்னு கீது டீச்சர்.”

அவளைத் தூக்கிக்கொண்டு எப்படி உள்ளே வந்தேன் என்று தெரியாது. கொளஞ்சியம்மாள் தட்டையும் குண்டானையும் போட்டு அடித்தாள், மணி அடித்தார்கள், ஊர் திரண்டு வந்தது. அது அவசரமே இல்லாமல் பாவாடையோடு புதருக்குள் போயிற்று. பச்சமுத்துவும் ஆட்களும் இப்போது நம் கரடியைக் கொளுத்துகிறார்கள். ரப்பர் புகை சமையல்கட்டு வரைக்கும் வருகிறது. கடலூரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. பிறகு படுகிறேன். இப்போது நீங்கள் வேண்டும். அம்சவள்ளி என் மடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஏன் எல்லாரும் அழுகிறீர்கள் என்று கேட்கிறாள். பாவாடையைக் கரடி எடுத்துக்கொண்டு போய்விட்டதா, நாளைக்குக் கொண்டுவந்து தருமா என்று கேட்கிறாள். அவள் கை வைத்தது எதன் முதுகில் என்று அவளிடம் நான்தான் சொல்ல வேண்டும். அவளைப் பயப்பட வைக்க வேண்டும். நான் நான்கு தரம் வாயைத் திறந்துவிட்டேன், வரவில்லை. வாந்தி வந்தால் வரட்டும், அண்ணே, கிளம்பி வாங்க. பயப்படுவது எப்படி என்று நீங்கள் வந்து அவளுக்குச் சொல்லிக் கொடுங்க.

அத்தியா